இரண்டு பேருக்கும் கையில் மைக்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருசம் போய்விட்டது. பேனையை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மனம் ஒப்பாமல் வைத்துவிடுவேன். இதில் வருவது ஒரு மனிசனுடைய வருத்தமும் ஒரு பிள்ளையுடைய தாலிக்கொடியும். இரண்டும் என்னுடையவை இல்லை. அந்த இரண்டு பேரிடமும் கேட்டு, இரண்டு பேரும் ஓம் என்று சொன்ன பிறகுதான் இப்போது எழுத இருந்திருக்கிறேன். முருகன் துணை.

தொலைக்காட்சியில் ஒலி வேலைக்கு வந்திருக்கிற எங்கட பிள்ளைகளுக்காக இது. தமிழ் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடுங்கோ, வாசித்துச் சொல்லுவா. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சூரிச்சுக்கு வந்து கோப்பை கழுவினேன், பிறகு ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் துப்புரவு வேலை. ஒருநாள் வயர் சுருட்ட ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். சுருட்டப் போனவன் ஓய்வு பெறும்வரை ஒலிப் பகுதியிலேயே நின்றுவிட்டேன். மெசின் எப்படி வேலை செய்யும் என்பதை உங்களுக்குப் படிப்பித்துத்தான் அனுப்புவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டையில் குத்துகிற சின்ன மைக் இருக்கிறதல்லவா, அது குத்தினதிலிருந்து கழற்றும்வரை திறந்தே இருக்கும். ஒளிபரப்பில் போகாத நேரத்திலும் எங்கள் காதுக்கு வரும். ஆட்கள் பெருமூச்சு விடுவது, வயிறு இரைவது, வீட்டுக்கு ரெலிபோனில் சொல்லுகிற பொய், எல்லாம் வரும். எனக்கு வேலை காட்டித்தந்த சுவிஸ்காரர் முதல் நாளே சொன்னார்: "இந்த ஹெட்போனில் கேட்பது உன் காதோடு நிற்கவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது." அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அந்த ஒரு சொல்லை நான் சாமிக்கு முன்னால் செய்த சத்தியம் மாதிரி வைத்திருந்தேன்.

இனி சங்கதிக்கு வாறன்.

இந்த நாட்டில் நாட்டுத் தலைவர் பதவி வருசத்துக்கு வருசம் அமைச்சர்மாருக்குள்ளே முறை வைத்துக் கைமாறுவது. அதற்காக ஒருவரும் தெருவில் நின்று கத்துவதில்லை. ட்ராமில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், இந்த வருசம் யார் என்று யோசித்துத்தான் சொல்லுவார். ஊர்த் தலைவர் அப்படி இல்லை. அவரைச் சனம் நேரே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது. அதனால் தொலைக்காட்சி உண்மையில் ஆட்டிப் படைத்தது இந்தச் சின்ன ஊர்த் தலைவர்மாரைத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த நேரம், வாக்குக் கேட்கிறவர்கள் சனிக்கிழமைச் சந்தையில் நின்று ஆட்களுக்கு அப்பிள் கொடுப்பார்கள், தீயணைப்பு மண்டபத்தில் கூட்டம் வைப்பார்கள். எங்களிடம் வரும்போது வேலைக்குப் போட்ட உடுப்போடே வருவார்கள். பிறகு பிறகு ஆலோசகர்மார் கூட வரத் தொடங்கினார்கள். எந்தப் பக்கத்து முகம் கமராவுக்கு வடிவு, எந்தச் சொல்லைச் சொன்னால் வெட்டி எடுத்துப் போனில் அனுப்பலாம் என்று அவர்கள் பார்ப்பார்கள். சந்தையில் நின்று கதைத்ததை ஒருவரும் வெட்டி எடுக்க முடியாது. ஸ்ரூடியோவில் கதைப்பதில் வெட்டி எடுக்க முடியாத இடமே இல்லை.

லிம்மாத் ஆற்றோரம் எங்கட டீட்டிகோனுக்கு அங்காலே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே தலைவராக இருந்தவர் தச்சு வேலை செய்து மேலே வந்த ஆள். மூன்று தரம் வென்றவர். எங்களிடம் வந்தால் துப்புரவு செய்கிற பெண்ணுக்கும் கைகொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு முறை அவருக்கு மைக் குத்தும்போது அவருடைய வலது கை தன்பாட்டுக்கு நடுங்குவதைக் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார்.

"குளிர்," என்றார்.

அது நல்ல வெயில் காலம். "ஓம், இங்கே உள்ளுக்குக் குளிர்தான்," என்றேன்.

அன்றிலிருந்து அவர் வந்தால் மேசையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைப்பேன். வயரை இடது பக்கத்தால் கொண்டுபோவேன். வலது கை மேசைக்குக் கீழே ஆறுதலாக இருக்கட்டும் என்று. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் கதைத்ததில்லை. கமராக்காரருக்கும் தெரியாது, அவருடைய கட்சிக்காரருக்கும் தெரியாது.

நாலாம் தரமும் அவர் நின்றார். அவரை எதிர்த்து நின்றது எங்கட பிள்ளை ஒன்று. இங்கே பிறந்து, இங்கே படித்து, தொழிற்பள்ளியில் படிப்பிக்கிறவ. கெட்டிக்காரி. திரிம்பாக் அம்மன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தால் அந்தக் கதைதான். ஒருநாள் சாம்பார் வாளியோடு வந்த தம்பி என் காதுக்குள் குனிந்தான்.

"அண்ணை, நீங்கள்தானே உள்ளுக்கு நிக்கிறியள். அந்தாளின்ர சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோவன்."

"குறைச்சால் சனம் இன்னும் உன்னிப்பாக் காதுகுடுத்துக் கேக்கும். முதல்ல சோத்துக்குச் சாம்பாரை விடு," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவன் பாதி பகிடியாகத்தான் கேட்டான், மற்றப் பாதி உண்மை.

வாக்கெடுப்புக்கு முந்தின கிழமை எங்கள் நிலையத்தில் இரண்டு பேரையும் வைத்து நேரடி விவாதம். மத்தியானம் வந்து ஒலி பார்த்தோம். அந்தப் பிள்ளை கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, கழுத்து மூடின உடுப்பு. ஒலி கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனா. அங்கேதான் எங்கட ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை ஒன்று வந்தது. தாய், வங்கிப் பெட்டகத்தில் கிடந்த பிள்ளையுடைய தாலிக்கொடியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறா. உலகம் முழுக்கப் பார்க்கப் போகுது, வெறும் நூல் மாதிரி ஒரு சங்கிலியோடு போய் இருப்பாயோ என்று, அந்தப் பெரிய கொடியைப் பிள்ளைக்குப் போட்டு அனுப்பிவிட்டா.

திரும்பி வந்தபோது அவவுடைய ஆலோசகர், இளம் சுவிஸ் பெடியன், அதைக் கண்டு தலையில் கை வைத்தான். "ஒன்றில் வெளியே தெரியப் போடு, நகை மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் கழற்று."

"நகை இல்லை இது," என்று சொல்லிவிட்டுக் கொடியை உடுப்புக்குள்ளே விட்டா; கழுத்தடியில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நான் மேலே மைக்கைக் குத்தி, கொடி அசையாமல் இருக்க ஒப்பனைக்காரப் பெண்ணைக் கொண்டு உள்ளே ஒட்டுப் போடுவித்தேன். நேரம் கிட்டிவிட்டது. அவ கதிரையில் இருந்து பார்த்தபோது சத்தம் இல்லை.

நிகழ்ச்சி தொடங்கினது. முதல் கேள்வி தலைவருக்கு, அவர் நிதானமாகச் சொன்னார். அடுத்தது பிள்ளைக்கு. கதைக்கத் தொடங்கினா, முன்னுக்குச் சாய்ந்தா. ஒட்டு விட்டுவிட்டது. என் காதுக்குள் தாச்சியில் கடுகு வெடிப்பது மாதிரி ஒரு சத்தம். மூச்சு விட விட வெடிக்குது. பிள்ளைகள் காப்பகம் பற்றி அருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா, வீடுகளில் கேட்பது சரசர என்று.

இயக்குநர் ஹெட்போனில் கத்தினார்: "என்ன சத்தம் அது?"

"கழுத்துக் கொடி."

"படத்துண்டு ஒன்று விடுகிறேன். அது ஓடி முடிவதற்குள் கழற்று."

ஊர்ப் பாலம் பற்றிய சின்னப் படம் ஓடத் தொடங்கினது. நான் ஓடிப்போய் அவவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். பிள்ளைகளே, எங்கள் வேலையில் மற்ற எல்லாரும் கண்ணாடிக்கு அங்காலே நிற்பார்கள். நாங்கள்தான் ஆளுக்குக் கிட்டப் போகிறவர்கள். கிட்டப் போனால் வேர்வை மணக்கும், நெஞ்சு அடிப்பது தெரியும். அங்கே நின்றுதான் முடிவெடுக்கவேண்டும்.

"அங்கிள், கழட்டோணுமோ?" என்று கேட்டா. கை கழுத்துக்குப் போய்விட்டது.

"நீங்கள் என்ன சொல்லுறியள், பிள்ளை?"

"போட்ட தாலியைக் கழட்டினா அம்மா டிவிக்கு முன்னாலயே விழுந்திடுவா. என்ர மனுசனுக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு நினைச்சிடுவா." சிரிக்கப் பார்த்தா, சிரிப்பு வரவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கும் விருப்பமில்லை, அங்கிள். ஆனா தேவையெண்டாச் சொல்லுங்கோ," என்றா.

எனக்குள்ளே என்ன ஓடினது என்று மறைக்காமல் எழுதுகிறேன். இயக்குநர் சொன்னது வேலைக்குச் சரி. நான் ஒரு சொல் சொன்னால் அவ கழற்றியிருப்பா. தாலியைக் கழற்று என்று என் வாயால் ஒரு சுமங்கலிப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. உடனே அடுத்த யோசனை: இவ வேறு ஆளாக இருந்தால் இப்படி யோசித்திருப்பேனோ, என் ஆள் என்றுதான் தயங்குகிறேனோ? ஒருமுறை ஒரு பாதிரியாருடைய சிலுவை மைக்கில் தட்டினபோது நான் அவரைக் கழற்றச் சொல்லவில்லை, கை மைக்கைத்தான் கொடுத்தேன் என்பது ஞாபகம் வந்தது. அது போதும் என்று எழும்பினேன்.

"கழட்டவேண்டாம். கை மைக் கொண்டுவாறன்."

ஆலோசகன் கமராவுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினான். ஒருவர் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், வகுப்பில் கேள்வி கேட்க எழும்பின பிள்ளை மாதிரித் தெரியும், மற்றவர் வாத்தியார் மாதிரித் தெரிவார் என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை. தொலைக்காட்சியில் அது போதும் ஒருவரைத் தோற்கடிக்க.

அப்போது பக்கத்துக் கதிரையிலிருந்து தலைவர் கேட்டார், "என்ன பிரச்சினை?"

"இவவுடைய கலியாணக் கொடி மைக்கில் படுகிறது," என்றேன்.

அவர் தன் சட்டையில் இருந்த மைக்கை இடது கையால் தானே கழற்றி என்னிடம் நீட்டினார். "அப்படியென்றால் எனக்கும் அதே மாதிரி ஒன்று தாருங்கள்."

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கினது. நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"போய் எடுத்துவாருங்கள்," என்றார்.

வேண்டாம் ஐயா, உங்களுடையது நல்லாகத்தானே கேட்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். மெசின் விசயம், என்னை மீறி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது அவருடைய கை. தன் கையை எங்கே வைப்பது என்று அவர் முடிவெடுத்துவிட்ட பிறகு, அவருக்காக நான் முடிவெடுக்க எனக்கு என்ன உரிமை? இருந்ததில் பாரம் குறைந்த மைக்காகப் பார்த்து எடுத்து வந்தேன். கொடுக்கும்போது குனிந்து, "இரண்டு கையாலும் பிடியுங்கள்," என்றேன்.

"அப்படிப் பிடித்தால் நான் செபம் செய்கிறேன் என்று நினைப்பார்கள்," என்றார். "உள்ள வாக்கும் போய்விடும்."

படம் முடிந்தது. விவாதம் திரும்பத் தொடங்கினது. இரண்டு குரலும் சுத்தமாக வந்தன. தலைவர் முதலில் இடது கையில் பிடித்தார். ஆனால் வலது பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்லும்போது, பழக்கத்தில் மைக் வலது கைக்கு மாறிவிட்டது. மைக்கின் தலை ஆடத் தொடங்கினது. அவர் கதைத்தது பழைய தொழிற்சாலைக் காணியைப் பற்றி, ஒவ்வொரு சொல்லும் அளந்து வந்தது. எனக்குக் குரல்தான் தெரியும், குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

இயக்குநருக்குப் படம்தான் தெரியும். "கையைப் பார்," என்று ஹெட்போனில் சொன்னார். "பயந்துவிட்டார். இரண்டாம் கமரா, கைக்குக் கிட்டப் போ."

எனக்கு முன்னால் அவரோடு கதைக்கிற பொத்தான் இருந்தது. அது ஒலி விசயத்துக்கு மட்டும். அமத்தினேன். "முகத்துக்குப் போங்கள்," என்றேன். "தயவுசெய்து."

"நீ ஒலியைப் பார்."

இன்னும் ஒரு வசனம் என் வாயில் இருந்தது. அது பயம் இல்லை, வருத்தம், ஒரு நோய் என்று சொல்லியிருந்தால் இயக்குநர் கமராவை எடுத்திருப்பார். அவரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் அந்த அறையில் ஐந்தாறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இவ்வளவு காலமாக மறைத்துவைத்த ஒன்றை, அவருக்கு உதவி என்று நினைத்து நான் ஊருக்குச் சொல்வதா? பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். கை திரை நிறைய நின்றது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். நான் செய்ததுதான் சரி என்று சொல்லமாட்டேன். எதற்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லுகிறேன்.

நிகழ்ச்சி முடிந்து மைக்கைத் திருப்பித் தந்தபோது அதன் பிடி முழுக்க வேர்வை.

"சத்தம் நல்லா வந்ததா?" என்று கேட்டார்.

"நல்லா வந்தது, ஐயா."

"அப்படியென்றால் உங்கள் வேலை முடிந்தது," என்று சொல்லிவிட்டுத் துப்புரவுப் பெண்ணுக்குக் கைகொடுக்கப் போனார்.

அடுத்த நாள் காலையில் அந்தக் கை எல்லாருடைய போனிலும் இருந்தது. யார் வெட்டினார்கள் என்று தெரியாது. குரலை எடுத்துவிட்டு, கையை மட்டும் வைத்து, ஒரு பெட்டையைக் கண்டு நடுங்குகிறார் என்று கீழே எழுதியிருந்தார்கள். எங்கட ஆட்களும் அனுப்பினார்கள். சாம்பார் வாளித் தம்பி எனக்கே அனுப்பினான், சிரிக்கிற முகம் மூன்றோடு.

மத்தியானம் அந்தப் பிள்ளை போன் எடுத்தா. "அங்கிள், ஆலோசகர் அந்த வீடியோவை எங்கட இணையப் பக்கத்திலயும் போடுவமெண்டு நிக்கிறார். அவர் என்னைக் கண்டு பயந்தவரோ? நீங்கள் கிட்ட நிண்டனீங்கள்."

"நான் மைக் குத்துற ஆள், பிள்ளை. கிட்ட நிண்டு கண்டதை வெளியில சொன்னால் நாளைக்கு ஒருவரும் என்னைக் கிட்ட விடமாட்டினம்."

"அப்ப ஏதோ இருக்கு."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. தலைவரின்ர வீடு உங்கட பஸ் போற வழியிலதானே? போய்க் கேளுங்கோவன்."

"எதிர்க்கட்சிக்காரி போய்க் கதவைத் தட்டுறதோ?"

"தாலியோட ஸ்ரூடியோவுக்கு வந்தனீங்கள். கதவு தட்டுறது அதைவிடக் கஷ்டமோ?"

"அம்மா மாதிரிக் கதைக்கிறியள்," என்று சொல்லிவிட்டு வைத்தா.

போய்த் தட்டினவவாம். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பின்னேரம் அவவுடைய பக்கத்தில் அந்த வீடியோ வரவில்லை. ஆலோசகன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் போன் எடுக்கவில்லை என்று பிறகு சொன்னா. தலைவரோ தானே எங்கள் நிலையத்துக்குப் போன் எடுத்து, வாக்கெடுப்புக்கு முன்னம் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டார். அவருடைய கட்சிக்காரர் இருவர் கூட வந்தார்கள். வேண்டாம், பரிதாபத்துக்கு வாக்குக் கேட்கிற மாதிரி இருக்கும் என்று நடைபாதையில் நின்று மறித்தார்கள்.

அவர் என்னிடம் வந்து, "அந்தக் கை மைக்," என்றார்.

கொடுத்தேன். வலது கையில் பிடித்தார். மேசையை நான் முன்னுக்கு இழுக்கவில்லை. தனக்கு என்ன வருத்தம், வைத்தியர் அதற்கு என்ன பெயர் சொன்னார், எவ்வளவு காலமாக மறைத்தார் என்று நேரே பார்த்துச் சொன்னார். "சந்தையில் என் கையைக் குலுக்கியவர்களுக்கு இது முன்னமே தெரிந்திருக்கும். அவர்கள் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கமராவுக்குத்தான் நான் மறைத்தேன். வாக்கை உங்கள் விருப்பப்படி போடுங்கள்." அவ்வளவுதான். இரண்டாம் கமரா முகத்திலேயே நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொஞ்ச வாக்கால் தோற்றார். எங்கட பிள்ளை வென்றா.

அதற்குப் பிறகுதான் கதைகள் கிளம்பின. கோயிலில் சொன்னார்கள், தாலியைக் கழற்றாத படியால்தான் அம்மன் வெல்ல வைத்தவ என்று. எனக்கும் அம்மனில் பக்தி உண்டு. ஆனால் ஒரு மனிசனுடைய கை நடுங்கினதைக் கொண்டு அவ வெல்ல வைப்பா என்று நான் நம்பமாட்டேன். நிலையத்தில் சிலர் சொன்னார்கள், தமிழன் தன் ஆளுக்காகத் திட்டம் போட்டுத் தலைவரின் கையில் மைக்கைத் திணித்தான் என்று. இன்னும் சிலர், தலைவர் அனுதாபத்துக்காக வேண்டுமென்றே கையைக் காட்டினார் என்றார்கள். மூன்றும் பொய். மூன்றும் இன்றைக்கும் உலாவுகின்றன.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவரை பஸ் தரிப்பில் கண்டேன். தடியோடு நின்றார். பல காலம் நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்றைக்கு நான் மைக்கைக் கொண்டுவராமல் விட்டிருந்தால் நீங்கள் வென்றிருப்பீர்களோ?"

அவர் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூன்று தரம் நான் வென்றேன் அல்லவா? பாதிப் பேர் நான் சொன்னதைக் கேட்டு வாக்குப் போடவில்லை. தொலைக்காட்சியில் என் முகம் நம்பக்கூடிய முகமாக இருந்ததாம். அதுவும் நியாயம் இல்லைதான். அப்போது நான் ஒரு முறைப்பாடும் செய்யவில்லையே."

இதை எழுதட்டுமோ என்று கேட்டேன். "எழுதுங்கள். ஆனால் என்னை நல்லவன் ஆக்கவேண்டாம்," என்றார். அந்தப் பிள்ளையிடமும் கேட்டேன். "என்னை வெண்ட ஆளா எழுதாதேங்கோ, அங்கிள். அந்தக் கை வீடியோவால என்னோட போட்டியிட்ட ஆள் தோத்தவர் எண்டு எழுதுங்கோ," என்றா.

ஆகையால் பிள்ளைகளே, இதை உங்களுக்குப் பின்னால் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கோ. அம்மனைச் சேர்க்கவேண்டாம், என் கெட்டித்தனம் என்றும் சொல்லவேண்டாம். அவர் கையை இன்னும் கூட நடுங்க வைக்கவும் வேண்டாம், நடுங்கவில்லை என்று மூடவும் வேண்டாம். நான் கழற்றச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை கழற்றத் தயாராக இருந்ததையும் விட்டுவிடாதேங்கோ. அந்தக் கையை ஒருமுறை வெட்டி எடுத்தது போதும். இதையாவது வெட்டாமல், ஒட்டாமல், இருந்த மாதிரியே கொடுங்கோ.